சேவலின் கால்

“அம்மா, காலு புண்ணாகறது முயலுக்கு மட்டும்தானா?”

ஆறு வயது சுலேய்கா அன்று காலையில் இப்படிக் கேட்டபோது, நெரெய்டா முயல் கனேலோவைத் துண்டில் சுற்றி மடியில் இடுக்கியிருந்தாள். முயலின் பின்னங்கால் அடியில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து வெடித்திருந்தது.

“ஓயாம நின்னா, ஓயாம நடந்தா, யாருக்கும்தான் புண்ணாகும். இதுக்கு வந்தது உன் சித்தப்பன் புண்ணியம்!”

நெரெய்டாவின் கணவன் கடல் தாண்டி ஓர்லாண்டோ நகரில் கட்டட வேலையில் இருந்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் தம்பி எலியுத்துதான் கூண்டு செய்து கொடுத்தவன். கறிக்கு வளர்க்கும் முயல்களுக்குச் செய்வதுபோல அடியில் வெறும் கம்பிவலை. கழுவவே வேண்டாம் என்று பெருமை வேறு. கம்பியில் நின்று நின்றே முயலின் கால் போயிற்று.

புண் எலும்பைத் தொட்டால் காலைக் காப்பாற்ற முடியாது என்று அரெசிபோ நகரத்துக் கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். தினமும் உப்பு நீரில் கழுவி, ஈரம் ஒற்றி, களிம்பு தடவி, புண்ணில் ஒட்டாத மருந்துத்துணியால் கட்ட வேண்டும். வீட்டுத் துணியைக் கட்டியபோது அது தோலையும் உரித்துக்கொண்டு வந்தது.

பிற்பகலில் கனேலோ தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காலில் போட்ட கட்டை நனைத்துக்கொண்டது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு நெரெய்டா அலமாரியைத் திறந்தாள். துணிச் சுருளும் இல்லை, களிம்பும் இல்லை. மறுநாள் மூன்று ராஜாக்கள் திருநாள். முந்தின இரவே அந்த ராஜாக்கள் ஒட்டகங்களில் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. மருந்துக் கடையை மதியத்தோடு பூட்டிவிட்டார்கள்.

அடுப்படியில் எலியுத், வாழையிலையில் கட்டி வேகவைத்த பாஸ்தேல் பானையை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான். வாசலில் சுலேய்கா, ராஜாக்களின் ஒட்டகங்களுக்காகச் செருப்பு டப்பாவில் புல்லை அமுக்கி அமுக்கி நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“எலியுத்! கனேலோவோட மருந்துத்துணி எங்கே?”

“அதுக்குக் காலு எதுக்கு அண்ணி? சட்டிக்குள்ள நடந்தா போகப்போகுது? பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வச்சா…”

“வாயை மூடு! காலையில இருந்து இந்த வீட்டுக்குள்ள வந்த ஆளு நீ ஒருத்தன்தான். எங்கே வச்சே, சொல்லு!”

அம்மாவின் கத்தலுக்குப் பயந்து சுலேய்கா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். எலியுத் பானையை மூடினான்.

“சரி, நான்தான் எடுத்தேன். என் சேவலுக்கு. சண்டையில காலைக் கிழிச்சுக்கிச்சு.”

நெரெய்டாவுக்கு உச்சந்தலை கொதித்தது. “பந்தயச் சேவலுக்கா? என் பொண்ணோட முயல் நொண்டியானாப் பரவாயில்லை, உன் சேவல் ஆடணும்! கொண்டா இப்பவே!”

“தீர்ந்துபோச்சு அண்ணி.”

“கூண்டு செஞ்சு காலைக் கெடுத்தே. இப்போ மருந்தையும் திருடிட்டே. நீயெல்லாம் ஒரு மனுஷன்! நாளைக்குப் பாஸ்தேலு கீஸ்தேலுன்னு இந்தப் பக்கம் வந்துடாதே. போடா வெளியே!”

எலியுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

சாயங்காலம் வரை அவள் கோபம் ஆறவில்லை. பாத்திரங்களைக்கூட அடித்துத்தான் வைத்தாள். உலர்ந்த துண்டின் மேல் கனேலோ புண்ணை நக்கிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எலியுத்தின் சேவல் வேலியில் எம்பி ஏறி, மஞ்சள் கால்கள் இரண்டும் பளபளக்க நின்று கூவியது.

“அவன் திமிரு சேவலுக்கும் ஏறியிருக்கு,” என்று ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

ராஜாக்கள் வரவேண்டும் என்று சுலேய்கா பொழுது சாய்ந்ததும் படுத்துவிட்டாள். இனிப் புல்லை எடுத்துவிட்டு, ஒட்டகம் தின்றதுபோலக் கொஞ்சம் சிதறி, பரிசை வைக்க வேண்டியது தாயின் வேலை. நெரெய்டா கட்டிலுக்கடியிலிருந்து டப்பாவை இழுத்துப் புல்லுக்குள் கையை விட்டாள்.

விரலில் துணி தட்டியது. மருந்துத்துணி, சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சுருட்டி அடுக்கியிருந்தது. மூலையில் களிம்பு.

சுலேய்கா அரைத்தூக்கத்தில் புரண்டாள். “எடுக்காதம்மா… அது ஒட்டகங்களுக்கு. எவ்வளவு தூரம் நடந்து வருதுங்க… சித்தப்பா பாத்துட்டாரு. ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாரு.”

நெரெய்டா டப்பாவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அலமாரியில் மரத்தில் செதுக்கிய ராஜாக்கள் மூவரும் நின்றார்கள். அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. கனேலோவின் புண்ணைக் கழுவிக் கட்டினாள். ஒட்டகங்களுக்கென்று ஒரே ஒரு துணிச் சுருளை மட்டும் ராஜாக்களின் காலடியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

விடிவதற்கு முன்பே பானையிலிருந்து பெரிய பாஸ்தேல்களாகப் பொறுக்கி எடுத்து, எலியுத்தின் பின்வாசற்படியில் வைத்துத் தட்டால் மூடினாள். உள்ளே அவன் குறட்டைச் சத்தம் கேட்டது. ஒரு கீறல்கூட இல்லாத கால்களில் நின்றபடி, சேவல் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

நெரெய்டா உதட்டில் விரலை வைத்தாள்.

“நீ எதையும் பாக்கலை. வாயைத் திறந்தே, உன்னைத்தான் குழம்பு வைப்பேன்.”