குறிப்புகள் வரவில்லை

பேராசிரியர் மாசிலாமணிக்கு ஞாபகம் தப்பியதிலிருந்து, அவர் அறிந்த நூல்கள், மனிதர்கள் எல்லாமே காதில் மாட்டிய, எதைப் பார்த்தாலும் விவரம் சொல்லித்தரும் கருவியின் மேற்கோள் நூலகத்தில்தான். "வேற மென்பொருளும் படிக்கிற மாதிரி ஒரு நகல் எடுத்து வைங்க" என்று மனைவி செண்பகவல்லி கெஞ்சாத நாளில்லை. எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்கும். அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கம்பெனி என்ன ஓடியா போயிடும்?"

ஓடித்தான் போனது. கடைசி நாளில் அவளே அரக்கப்பரக்க எடுத்த நகலில் பெயர், ஆண்டு, ஊர் மட்டும் வந்தன. ஒவ்வொன்றின் கீழும் அவர் ஆசையாக எழுதிவைத்த குறிப்புகள் வரவில்லை.

புதுக் கருவியை மாட்டிவிட்டு எதிரே நின்றாள்.

"என்னங்க, என்னைத் தெரியுதா?"

"செண்பகவல்லி, 2031, கும்பகோணம்" என்றார் பளிச்சென்று. பிறகு மரியாதையாக எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கம்மா. என்ன விஷயமா வந்தீங்க?"