தகர டப்பா

"அந்த ஆளை இந்தத் தெருவை விட்டுத் தூக்கினாத்தான் எனக்குச் சோறு இறங்கும்!"

டெய்லர் கத்தரிக்கோலை மேஜைமேல் ணங்கென்று வைத்தார்.

அந்த ஆள் என்றால் நெறிக்காவலர். ஊருக்கு ஒரே வழிபாடுதான் என்று சட்டம் வந்ததிலிருந்து, மாலையானால் வீடுவீடாக நுழைந்து சோதனை போடுகிறவர். வேறு சாமியைக் கும்பிட்டு மாட்டினால் ஜெயில்தான். அது வீட்டுக்குள்ளே என்றாலும் சரி.

தெரு அவருக்கு வைத்த பெயர் 'தகர டப்பா'. தெருமுனையிலேயே கச்சேரியை ஆரம்பித்துவிடுவார். பூட்டிய கடை ஷட்டர்களை எல்லாம் தடியால் தடதடவென்று தட்டுவார்.

"வர்றேன்டா! எவனாவது வேற சாமி கும்பிட்டீங்க, தோலை உரிச்சிடுவேன்!"

தூங்குகிற குழந்தைகள் வீறிட்டு அழும். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சபிப்பார்கள்.

டெய்லர் வீட்டிலும் மடியில் கனம் இருந்தது. அவர் மனைவி தினமும் பின்னறையில் தன் சாமிக்கு ஒரு பாட்டுப் பாடுவாள்.

"மனசுக்குள்ளயே பாடிக்கக் கூடாதா?"

"நீங்க மனசுக்குள்ளயே சாப்பிடுங்க, அப்புறம் நான் பாடறேன்."

அவள் பாடும்போது டெய்லர் தையல் மிஷினை மிதிப்பார். துணி கிடையாது, நூல் கிடையாது, சும்மா கடகடவென்று. பாட்டு வெளியே கேட்கக்கூடாதே!

ஆனால் தகர டப்பாவின் சத்தம் மிஷினையும் மீறி வந்துவிடும். உடனே பாட்டு நிற்கும். சாமி படம் வெட்டுத்துணிக் குவியலுக்குள் போய்விடும்.

நேற்றும் அப்படித்தான் போனது. அவசரத்தில் படத்தின் ஓரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டெய்லர் அதைக் கவனித்தபோது தகர டப்பா உள்ளே வந்தாயிற்று. அவருக்குப் பின்னால், வாசலில் இன்னும் இரண்டு காவலர்கள்.



"வீடா இது, குப்பைமேடா?" என்று கத்திக்கொண்டே தகர டப்பா கொடியைத் தடியால் ஒரு இழு இழுத்தார். அதில் தொங்கிய கல்யாண உடுப்புகள் மொத்தமும் குவியலின்மேல் பொத்தென்று விழுந்தன. படம் மறைந்தே போனது.

நம்ம நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார் டெய்லர்.

திரும்பும்போது தகர டப்பா மிஷின் பக்கம் குனிந்தார். "நூலைக் கோத்துட்டு ஓட்டுய்யா. பெரிய டெய்லராம்!" இதை மட்டும் மெதுவாகச் சொன்னார். அதுதான் டெய்லருக்குத் தாங்கவில்லை. உடுப்புகளில் படிந்த அழுக்கைக்கூடப் பொறுத்திருப்பார்.

"என் தொழிலைப் பத்திப் பேச அவன் யாரு? இன்னிக்கே அவங்க ஆபீஸ்ல போய்ச் சொல்றேன் பாரு."

"வேண்டாங்க. அந்த வாசலை நாம எதுக்கு மிதிக்கணும்?" என்றாள் மனைவி.

காதில் வாங்கினால்தானே! பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மேலதிகாரி தங்கமான மனுஷர். எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

"சோதனை போடட்டும் சார், நாங்க வேண்டாங்கல," என்றார் டெய்லர். "ஆனா இந்த ஆள் காட்டுக்கத்தல் கத்திக்கிட்டு வர்றார். தெருமுனையில நுழைஞ்சாலே கடைசி வீடு வரைக்கும் கேக்குது சார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசி வீடு வரைக்குமா?"

"ஆமா சார்."

"சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. நான் பார்த்துக்கறேன், போயிட்டு வாங்க."

மறுநாளே புது ஆள் வந்துவிட்டான். சின்ன வயசு. அண்ணே, அக்கா என்று பாகாய் உருகினான். தடிகூடக் கையில் இல்லை. டெய்லரைத் தெருவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

ஒரு வாரம் நிம்மதியாகப் போனது.

அன்று மாலையும் டெய்லர் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். உள்ளே மனைவி பாடிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள்.

திரும்பினால், அந்தப் புதுக் காவலன். செருப்பு இரண்டும் அவன் கையில் இருந்தன.

"நிறுத்தாதீங்கண்ணே, மிதிங்க. அக்கா பாட்டை முடிக்கட்டும்."

டெய்லரின் கால்கள் அப்படியே விறைத்துப்போயின. மிஷின் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

அவளை வண்டியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இருவரை ஏற்றினார்கள். எதிர்வீட்டு வாத்தியாரையும் ஏற்றினார்கள். இத்தனை வீட்டில் இத்தனை சாமிகள் ஒளிந்திருந்தது டெய்லருக்கே அப்போதுதான் தெரிந்தது.

டெய்லர் தகர டப்பாவின் வீட்டைத் தேடித் தலைதெறிக்க ஓடினார். நெறிக்காவலர்களில் இத்தனை வருஷமாகத் தெருவுக்குப் பழக்கமான ஒரே ஆள் அவர்தான். காலில் விழுந்தாவது கேட்க வேண்டும்.

கதவைத் திறந்தது தகர டப்பாவின் மனைவி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அவர் இருக்காராம்மா? அதான், சத்தமாப் பேசுவாரே..."

"சத்தமாவா? அவர் பேசினா பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்காதுங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போன வாரமே அவரைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. இத்தனை வருஷமா அந்தத் தெருவுக்குப் போறே, ஒருத்தரைக்கூட ஏன் பிடிக்கலைன்னு கேட்டாங்களாம்."

"அவர் என்ன சொன்னாராம்மா?" என்றார் டெய்லர்.

"எந்தெந்த வீடுன்னு சொல்லச் சொல்லி இன்னமும் அடிக்கிறாங்களாம். அவர் வாயே திறக்கலையாம்."