மேஸ்திரியின் துக்கம்

"கிட்ட வந்து பாருங்கம்மா" என்றாள் டாக்டர்.

அவள் கிட்டப் போனாள்.

மயக்க ஊசி போட்ட பூனை மேசைமேல் பழந்துணி மாதிரிக் கிடந்தது. பதினான்கு வயதுக் கிழம். டாக்டர் அதன் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். கடைவாய்ப் பற்களின் மேல் பழுப்பாக ஏதோ கட்டி கட்டியாக அப்பியிருந்தது. ஈறு ரத்தச் சிவப்பு. ஒரு பல்லைச் சுற்றிச் சீழ்.

"இந்தப் பல்லோட வேர் கண்ணுக்கு நேர் கீழ வரைக்கும் போகுது. சீழ் அங்க போய் முட்டுறதாலதான் கண்ணுல தண்ணி வடியுது."

அவள் குனிந்து பூனையின் கண்ணைப் பார்த்தாள்.

அந்தத் தண்ணீரைத்தான் ஏழு மாதமாக எல்லோரும் கண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் புருஷன் செத்த வாரத்தில் மேஸ்திரி சரியாகச் சாப்பிடுவதை விட்டது. பூனைக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவரே அவர்தான். தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மனுஷன். தனக்கு மேலே ஒருத்தன் உண்டு என்று அவர் ஒத்துக்கொண்டது அந்தப் பூனையை மட்டும்தான்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் சாவுக்கு யாரும் மாரடித்துக்கொண்டு அழவில்லை. வாயைத் திறந்தால் சண்டை, அப்படிப்பட்ட வாய். மகன் அடக்கத்துக்கு வந்தான். மறுநாளே பஸ் ஏறிவிட்டான். அவளுக்கும் கண் நனையவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், காப்பி போட்டாள், போனவர்களை வாசல்வரை வழியனுப்பினாள்.

பூனைதான்.

கிண்ணத்துக்குப் போகும். முகரும். வாயைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். திரும்பி வந்து அவர் கட்டிலடியில் படுத்துக்கொள்ளும். வலது கண்ணில் நீர் வடியும்.

"வாயில்லா ஜீவன் மைனி. அண்ணனத் தேடுது" என்று நாத்தனார் பிலோமினா மூக்கைச் சிந்தினாள்.

மாதா கோவிலில் முப்பதாம் நாள் பூசையில் சாமியாரே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். ஒரு பூனை அழுகிறது என்றால் அந்த மனிதர் எவ்வளவு அன்பானவராக இருந்திருக்கவேண்டும்! கோவிலில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்பாடா என்றும் இருந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் அழுதால் போதாதா?

பூனை மெலிந்தது. பாசம் என்றாள்.

எலும்பும் தோலுமாக ஆனது. அடேயப்பா, எத்தனை பாசம் என்றாள்.

நேற்று அதன் கன்னம் பொசுக்கென்று வீங்கிய பிறகுதான் கூடையில் போட்டு மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"முன்னாடி எப்படிம்மா சாப்பிட்டுச்சு?" டாக்டர் கையுறையை இழுத்துவிட்டபடி கேட்டாள்.

"அவங்க ஊட்டுவாங்க. சாளை மீன அவிச்சு, ஒரு முள்ளு விடாம எடுத்து, விரலால கூழா மசிச்சு…"

சொல்லும்போதே குரல் இறங்கிப்போயிற்று.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"அப்போ சாருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் டாக்டர்.

தெரிந்திருந்தது. தெரிந்து, சொல்லவும் செய்தார்.

"ஏட்டி, இவன் வாய் நாறுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

அவள் அப்போது மீன் அரிந்துகொண்டிருந்தாள். "மீன் திங்கிற வாய் பின்ன மல்லிப்பூவா மணக்கும்?" என்றாள் நிமிராமலே.

உப்புக் கொஞ்சம் கூடிப்போனால்கூட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர். அன்றைக்கு மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த வேளையிலிருந்து விரலால் மசிக்க ஆரம்பித்தார். பெத்த மகனுக்குக்கூடச் செய்யாத சேவகம் என்று அதையும் அவள் நொடித்தாள்.

அவர் போன பிறகு மீன்தலையை முழுசாகக் கிண்ணத்தில் வைத்தாள். காய்ந்த பூனைத்தீனியை வைத்தாள். ஏழு மாதம். பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

டாக்டர் ஆறு பல்லைப் பிடுங்கினாள்.

மூன்றாம் நாள் மதியம் அவள் சாளையை அவித்தாள். முள் எடுத்தாள். மசித்தாள். விரலில் எடுத்து நீட்டினாள்.

மேஸ்திரி முகர்ந்தது. ஒருமுறை நக்கியது. அப்புறம் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துவிட்டது. பொக்கை வாயால் சளக் சளக்கென்று அள்ளியது. இன்னும் கொண்டா என்று அவள் காலில் வந்து முட்டியது. கண் வறண்டு, பளிச்சென்று இருந்தது.

போன் அடித்தது. பிலோமினா.

"மேஸ்திரி எப்படி மைனி இருக்கு? இன்னும் அழுதுகிட்டேதான் கெடக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

"அது அழல பிலோமினா. பல்லு வலி. அவுக இருக்கும்போதே இருந்திருக்கு. நான்தான் கேக்கல."

பூனை கிண்ணத்தைத் தரையோடு நகர்த்தி நகர்த்தி நக்கிக்கொண்டிருந்தது.

"அப்ப எங்கண்ணனுக்குன்னு அழுதது யாரு மைனி?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

"மைனி? மைனி, லைன்ல இருக்கீங்களா?" என்று பிலோமினா கேட்டுக்கொண்டே இருந்தாள்.