கொட்டகையில் மீன் பேரம்

ஒரு மீன்கூட விலை போகாமலேயே மயிலாப்பூர் மாடவீதி முழுக்க நாறிவிட்டது. பௌதிகப் புரொபசர் கஸ்தூரிரங்கன் தினமும் மாட்டுக் கொட்டகை இருட்டில், நீலக் கண்ணாடி விளக்கும் கையுமாக, மீன்காரி குப்பம்மாவிடம் பேரம் பேசுகிறாராம்! மகளுக்கு வரன் பேசியிருப்பதோ எதிர்வீட்டில். அவர் மனைவி நீரஜா இதைக் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். அன்று கொட்டகைக் கதவோரம் ஒளிந்துகொண்டாள்.

"வஞ்சிரம் இவ்வளவு விலையா? அநியாயம்!"

"இன்னா அநியாயம் சாமி? உன் பாட்டனா வலை போட்டான்?" குப்பம்மாவின் குரல் சாந்தோமைத் தாண்டிப் போனது.

"காது கேக்கலை, இன்னும் உரக்கச் சொல்லு!"

திட்டித் தீர்த்துவிட்டுக் குப்பம்மா கூடையோடு வெளியேற, நீரஜா உள்ளே பாய்ந்தாள்.

"மீன் திங்க ஆரம்பிச்சாச்சா? பொண்ணு கல்யாணம் நடக்க வேண்டாமா?"

"மீனை யார் பார்த்தா? அவ வாயைன்னா பார்த்தேன்! எப்பவும் கன்னத்துல புகையிலையை அடக்கிண்டிருக்கா. புத்துநோய் வர்ற இடம் சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது, இருட்டுல இந்த நீல வெளிச்சம் பட்டா கறுப்பாத் தெரியும். வாயைக் காட்டுன்னா அடிக்க வரா. பேரம் பேசினாத்தான் திறக்கறா!"

"தெரிஞ்சுதா?"

"மிளகு அளவு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா பிழைச்சுடுவா. கூப்பிட்டா, கூடையை யார் விப்பாங்கறா."

நீரஜா தெருவுக்கு ஓடினாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன.

"குப்பம்மா! கூடை மொத்தமும் நானே வாங்கிக்கறேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எங்காத்து வண்டியில ஏறு!"

குப்பம்மா வாயைப் பிளந்தாள். அதிசயமாக, பேரமே பேசாமல் வண்டியில் ஏறினாள்.