தொண்ணூறு டிகிரி

அடுத்து வரவிருக்கும் மலிவுக் கம்ப்யூட்டர் புரொசசரை, கம்பனி குறித்த வேகத்துக்கு மேலே எவ்வளவு விரட்டலாம் என்று துறைமுக வீதித் தேநீர்க் கடையில் வாதம் நடந்தது. இக்ராம் கணக்குப் போட்டுச் சொன்னான். கடலோரச் சல்லிக் கிராமத்திலிருந்து வந்திருந்த தனோஜனுக்கு வேகம் முக்கியமில்லை.

“மச்சான், அப்பிடி ஓட்டினா எவ்வளவு சூடாகும்?”

“தொண்ணூறு டிகிரியைத் தாண்டும். சிலவேளை கருகியும் போகும்.”

“என்ரை பழசு எழுபதிலயே நிக்குது” என்றான் தனோஜன் கவலையோடு.

எழுபதுக்கே கவலைப்படுகிறவன் தொண்ணூறை எப்படித் தாங்குவான் என்று இக்ராமுக்கு இரக்கமாக இருந்தது.

ஆனால் அந்தப் புரொசசர் விற்பனைக்கு வந்ததும் முதலில் வாங்கியவன் தனோஜன்தான். நண்பன் கைக்காசு கொடுத்து நெருப்பை வாங்கிவிட்டான் என்று பதறிய இக்ராம், குளிரூட்டும் ஃபேன் ஒன்றை எடுத்துக்கொண்டு மாரிமழையில் நனைந்தபடி சல்லிக்குப் போனான்.

கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் யாருமே இல்லை.

“என்ன வேலை ஓடுது தங்கச்சி?” என்று தனோஜனின் மனைவி சுலோஜனாவிடம் கேட்டான்.

“ஒரு வேலையும் இல்லை நானா. சும்மா முழு வேகத்தில ஓடட்டுமாம்.”

அவள் ஃபேனை வாங்கி, கம்ப்யூட்டரின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அங்கே சுளகு நிறைய நெத்தலி மீன் பரப்பியிருந்தது.

“நல்ல நேரம் கொண்டுவந்தீங்கள். வெயில் எறிச்சு ஒரு கிழமையாச்சு. சூடு காணும் நானா, காத்துத்தான் காணாது.”