ஒரு புகார்கூட இல்லை

மருத்துவமனையில் அன்று பொறுப்பேற்கும் புதிய இயக்குநரைக் காண, அதன் இணையதளத்தை வடிவமைத்தவர் காத்திருந்தார். இயக்குநர் கையெழுத்திட்டால்தான் வடிவமைப்பாளரின் ஒப்பந்தம் நீளும். அறைக்குள் மேசை நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே, பக்கத்து நாற்காலியில், காதில் இயர்போனுடன் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். பேச்சுத்துணை கிடைத்தது.

“பார்வையில்லாதவங்களுக்காக ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் வைக்கணுமாம் சார். அவங்க கம்ப்யூட்டர் அதை வாசிச்சுச் சொல்லுமாம். பட்டன் என்ன பச்சப்புள்ளையா, பேர் வைக்க?”

பெரியவர் சிரித்தார். “அப்போ நீங்க வைக்கலையா?”

“எதுக்கு? மூணு வருஷமாச்சு. அவங்க யார்கிட்டேருந்தும் ஒரு புகார்கூட வரலையே!”

“புகாரை எப்படி அனுப்பணும்?”

“எழுதிட்டு, கீழே அம்புக்குறி படம் போட்ட பட்டனை அமுக்கணும். அதுக்கு அடுத்த பட்டன்ல குப்பைத்தொட்டி படம். அதை அமுக்கினா எழுதினது மொத்தமும் அழிஞ்சிடும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.”

“அடடே, கடைசிப் பட்டன் அழிக்கிறதுக்கா!”

உதவியாளர் கதவைத் திறந்தார். “அறை தயார், இயக்குநர் சார்.”

பெரியவர் எழுந்தார்; மடித்து வைத்திருந்த வெள்ளைக்கோலை விரித்தார்.

“எனக்கு ரெண்டுமே வெறும் ‘பட்டன்’னுதான் கேட்டுச்சு தம்பி. கடைசியில இருக்கிறதை அமுக்கினேன். எழுதின பெட்டி காலியானதும் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு நெனச்சேன். இப்படியே பதினேழு புகார்! பதினெட்டாவதை நேர்லயே சொல்லிடறேன், உள்ள வாங்க.”