மஞ்சளா, ஆரஞ்சா?

"மஞ்சள்," என்றார் வேலை கேட்டு வந்தவர், அந்த வட்டக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து. "கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இதைப் போட்டா வானத்துல மேகம் தனியா எடுத்துக் காட்டும், சார்."

கடை முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழைய ஃபிலிம் கேமரா விற்கிற அந்தக் கடையில், லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற ஃபில்டர்கள் பெட்டி பெட்டியாக உறையில்லாமல் கலந்து கிடந்தன. எது எதற்கு என்று பிரித்து வைக்க ஆள் கிடைத்தால்தானே? வந்தவனெல்லாம் பச்சையைப் பார்த்து, "அழகா இருக்கு சார்" என்றதோடு சரி.

வந்தவருக்கோ இது கடைசி வாசல். காலமெல்லாம் உழைத்த ஸ்டுடியோ போன மாதம் கைகழுவிவிட்டது. ஏறி இறங்கிய இடமெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். இதுவும் போனால் பிள்ளைகளோடு நடுத்தெருதான். மனைவி கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிவந்து விட்டுவிட்டு, வெளியே நின்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

முதலாளி அடுத்ததை நீட்டினார். வந்தவர் கண்ணாடியில் விரல் படாமல் வாங்கி, எழுத்துப் பொறித்த விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று வருடினார். சிவப்பு, வானத்தையே கறுப்பாக்கும் என்றார். அதற்கடுத்தது பச்சை, இலை தழைக்கு நல்லது என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் தொட்டுக் கறையாக்காத ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று முதலாளி மெச்சினார். "எப்படிண்ணே டக்கு டக்குன்னு சொல்றீங்க?"

"பழகின கை, சார். இந்த வேலையை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

முதலாளிக்கு மனசு இளகியது. வேலை உங்களுக்குத்தான், நாளைக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பாவம், மனுஷன் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

வந்தவர் அதையும் வருடினார். ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடி, நிதானமாகப் பார்த்தார். மஞ்சளா, ஆரஞ்சா என்று ஒரு கணம் தயங்கினார்.

"ஆரஞ்சு, சார். தூரத்து மூட்டத்தை வெட்டிடும். கண்ணாடியும் கீறலே இல்லாம புதுசு மாதிரி இருக்கு."

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அண்ணே... அது வெறும் வளையம். அதுல கண்ணாடியே இல்லையே."